கை மட்டும் தெரியும் மனிதர்கள்: நாம் விரும்பிப் படிக்கும் காமிக்ஸ்கள்

"போராட்டத்தில் நிற்பவர்களுக்குக் காமிக்ஸ் எதற்கு?" என்று மூத்த தோழர்கள் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. அம்பேத்கரைப் படி, பெரியாரைப் படி, அயோத்திதாசரைப் படி. சூப்பர்மேனையும் டின்டினையும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்பது அவர்களின் ஆதங்கம். அந்த ஆதங்கத்தில் அக்கறை இருக்கிறது. அதனால்தான் விரிவாகவே பதில் சொல்ல நினைக்கிறோம்.

சாதி நமக்குள் எழுத்தாக நுழைவதற்கு முன்பே படமாக நுழைந்துவிடுகிறது. அ, ஆ எழுதிப் பழகும் முன்பே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவந்த மேனிக் கடவுளையும், அவர் காலடியில் கிடக்கும் கறுத்த அரக்கனையும் பார்த்துவிடுகிறோம். 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை இதே நிறப் பாகுபாட்டை வண்ண வண்ணமாக வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. தேவர்கள் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு. யார் அழகு, யார் வில்லன், யார் கால் யார் தலைமேல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் பாடப்புத்தகம் கைக்கு வருவதற்குள் நம் பிள்ளைகளின் மனதில் வரையப்பட்டுவிடுகின்றன. படத்தால் புகுத்தப்பட்டதை எழுத்தால் மட்டும் வெளியேற்ற முடியுமா? படங்களைப் படிக்கத் தெரிந்தவர்களும், படம் போடத் தெரிந்தவர்களும் நம்மிடம் வேண்டும். நாம் காமிக்ஸ் படிப்பதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் எளிமையானது: அவை நமக்குப் பிடித்திருக்கின்றன. ஒடுக்கப்பட்டவன் ரசிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் பிடித்ததையும் கண்ணைத் திறந்துகொண்டுதான் படிக்க வேண்டும். அப்படிப் படித்த சிலவற்றைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

இரும்புக்கையும் மண்டையோட்டுச் சிம்மாசனமும்

தமிழில் காமிக்ஸ் என்றாலே சிவகாசிதான் நினைவுக்கு வரும். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா' தொடரின் தமிழ் வடிவம் அது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

இந்தப் படத்தை நம் தெருவில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. விடியற்காலையில் குப்பை அள்ளும் கை தெரிகிறது. சாக்கடைக் குழிக்குள் இறங்கும் கை தெரிகிறது. பிணத்துக்குக் குழி வெட்டும் கை தெரிகிறது. அந்தக் கைக்குச் சொந்தமான ஆள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். இன்றும் விஷவாயு தாக்கிச் செத்தவரின் பெயர் நாளிதழில் ஒரு மூலையில்தான் வருகிறது. மாயாவிக்கு மறைந்துபோவது ஒரு வல்லமை. நம் மக்களுக்கு அது விதிக்கப்பட்ட தண்டனை. சிவகாசித் தாளில் அச்சான பொழுதுபோக்குக் கதையிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ள முடியும்போது அதை ஏன் விட வேண்டும்?

அதே கண்ணோடு வேதாளரைப் பாருங்கள். லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய நாயகன். முகமூடி, குதிரை, ஓநாய், மண்டையோட்டுக் குகை என்று சிறு வயதில் மயங்காதவர்கள் குறைவு. கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஒரு வெள்ளைக் குடும்பம். அப்பன் செத்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான். இப்படி இருபத்தொரு தலைமுறை. காட்டில் வாழும் குள்ள மக்கள் அவனைக் காவல் காத்து, அவன் ரகசியத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாப்பார்கள். சிம்மாசனத்தில் உட்காரும் தகுதி பிறப்பால் வருகிறது; சிம்மாசனத்தைச் சுற்றி நிற்கும் கடமையும் பிறப்பால் வருகிறது. இதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்ணாடி போட்ட சூப்பர்மேன்

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த, புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் வந்தான். முதல் கதைகளைத் தேடிப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மனைவியை அடிப்பவனைப் பிடிக்கிறான். ஊழல் அரசியல்வாதியை மிரட்டுகிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தை நடத்தும் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டவைக்கிறான். எட்டாவது இதழில் ஒரு சேரியையே இடித்துத் தள்ளுகிறான், அரசாங்கம் அங்கே நல்ல வீடு கட்டியே ஆக வேண்டும் என்பதற்காக. கதையில் அதே இடத்தில் புது வீடுகள் எழும்புகின்றன. சென்னையில் இடிக்கப்பட்ட நம் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். புல்டோசர் ஏழைக்கு நன்மை செய்யும் என்பது சூப்பர்மேன் கதையில் மட்டுமே நடக்கும்.

அந்த இரண்டு இளைஞர்களும் தங்கள் நாயகனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனம் கோடிகளில் புரண்டது. படைத்தவர்கள் வழக்கு மன்றத்துக்கும் வறுமைக்கும் இடையில் அலைந்தார்கள். 1975இல்தான், அதுவும் பொதுவெளியில் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, ஆண்டு ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. பாட்டு, பறை, கூத்து, ஓவியம் என்று எதைப் படைத்தாலும் உரிமையை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டிய நமக்கு இது ஒரு பாடம்.

ஜீன் லூன் யாங் எழுதி, குரிஹிரு என்ற ஜப்பானிய இரட்டையர் வரைந்த 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த க்ளான்' 2019இல் வெளிவரத் தொடங்கியது. 1946இல் கு க்ளக்ஸ் க்ளானை எதிர்த்து ஒலிபரப்பான சூப்பர்மேன் வானொலித் தொடரை அடிப்படையாகக் கொண்டது. சைனாடவுனிலிருந்து வெள்ளையர் வாழும் பகுதிக்குக் குடிவரும் ஒரு சீனக் குடும்பத்தை வெறியர்கள் தாக்குகிறார்கள். ஊர்த் தெருவில் நம் குடும்பம் ஒன்று வீடு கட்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்த யாருக்கும் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. இதில் நம்மை உலுக்கியது வேறு ஒன்று. சூப்பர்மேனே தன் வேற்றுக்கிரகப் பிறப்பை மறைக்கிறான். மற்றவர்கள் பயந்துவிடுவார்கள் என்று பறக்கும் சக்தியைக்கூட அடக்கி வைத்திருக்கிறான்.

கிளார்க் கென்ட்டின் கண்ணாடியை எல்லோரும் கேலி செய்வார்கள். ஒரு கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று. நாம் கேலி செய்ய மாட்டோம். வாடகை வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்கு முன்னால் நம்மில் எத்தனை பேர் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருக்கிறோம். கல்லூரி விடுதியில் ஊர் பெயரை மாற்றிச் சொல்வது, சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நழுவுவது, அலுவலக மேசையில் அண்ணலின் படத்தை வைக்கத் தயங்குவது. இவை எல்லாம் அந்தக் கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொள்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. உயிருக்கும் வேலைக்கும் பயந்து போடுகிறார்கள். போட வைக்கிற சமூகத்தைத்தான் குறை சொல்கிறோம்.

உவமையாக வந்தால் போதுமா?

எக்ஸ்-மென் 1963இல் தொடங்கியது. மரபணு மாற்றத்தோடு பிறந்த மனிதர்களை உலகம் வெறுக்கிறது. வெறுக்கும் உலகத்தையே அவர்கள் காப்பாற்றுகிறார்கள். இனவெறிக்கு இது உவமை என்று சொல்வார்கள். நமக்கும் பிடித்த கதைதான். ஆனால் முதல் குழுவில் இருந்த ஐந்து பேரும் வெள்ளையர்கள். 1975இல் குழுவை மாற்றி அமைத்தபோது அபாச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு வீரனைச் சேர்த்தார்கள்; சில இதழ்களிலேயே அவனைச் சாகடித்துவிட்டார்கள். ஒடுக்குமுறையின் வலியை வெள்ளை உடலில் ஏற்றிக் காட்டினால் எல்லோரும் அழுவார்கள். அதே வலி உண்மையில் யாருக்கு நடக்கிறதோ அவர்கள் படத்தில் இல்லாமலே போய்விடுகிறார்கள். தமிழ் சினிமாவில் 'ஏழை', 'பணக்காரன்' என்று சொல்லிச் சாதியைப் பேசாமல் தப்பிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை.

உவமையைச் சரியாகக் கையாண்ட கதையும் உண்டு. 1953இல் ஈசி காமிக்ஸ் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே' எட்டுப் பக்கத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சிறுகதை. அல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஆர்லாண்டோ வரைந்தார். பூமியிலிருந்து ஓர் ஆய்வாளர் ரோபோக்கள் வாழும் கிரகத்துக்குப் போகிறார். அந்தக் கிரகத்தை விண்வெளிக் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்க வேண்டும். அங்கே ஆரஞ்சு நிற ரோபோக்களுக்கு நகரம், நீல நிற ரோபோக்களுக்கு ஒதுக்குப்புறம். ஆரஞ்சுக்குப் பேருந்தில் முன் இருக்கை, நீலத்துக்குப் பின்பக்கம். தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ளே ஒரே பாகங்கள். மேலுறையின் நிறம் மட்டும் வேறு. உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கப்பலேறுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பர்.

1956இல் இதை மறுபதிப்புச் செய்ய முயன்றபோது காமிக்ஸ் தணிக்கை அமைப்பு தடுத்தது. ஆய்வாளர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார்கள். கதையின் உயிரே அந்த முகத்தில்தான் இருக்கிறது என்று ஈசி மறுத்தது. அப்படியானால் அவர் முகத்தில் இருக்கும் வியர்வைத் துளிகளையாவது எடுங்கள் என்றார்கள். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் எதையும் மாற்றாமல் அச்சிட்டார். ஈசி வெளியிட்ட கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான். ஒரு கறுப்பரின் நெற்றியில் வியர்வை மினுங்குவதுகூடச் சிலருக்குப் பொறுக்கவில்லை. நாம் கூலிங்கிளாஸ் போட்டால், மீசை முறுக்கினால், புல்லட்டில் போனால் அடிக்க வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். நோய் ஒன்றுதான்.

பிளாக் பேந்தர் 1966 ஜூலை மாத இதழில் அறிமுகமானார். அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லாந்தில் கறுஞ்சிறுத்தைகள் கட்சி தொடங்கியது. அந்தக் கட்சி தன் சின்னத்தைக் காமிக்ஸிலிருந்து எடுக்கவில்லை; அலபாமாவின் லவுண்டஸ் மாவட்டக் கறுப்பர்களின் தேர்தல் அமைப்பிலிருந்து எடுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1972இல், மும்பையில் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். அம்பேத்கர் 1946இலேயே டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். கறுப்பர்களின் கதைகளை நாம் தேடிப் படிப்பது இந்த உறவின் தொடர்ச்சி. 1970களில் டான் மக்கிரெகர் எழுதிய பேந்தர் கதைகளையும், பேந்தர் க்ளானோடு மோதும் தொடரையும் தேடிப் படியுங்கள். அந்தத் தொடரை முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள். ஏனோ நம் கதைகள்தான் பாதியில் நிற்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேப்டன் அமெரிக்கா 1941 மார்ச் இதழின் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்தினார். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவே இல்லை. வரைந்தவர்களான ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் யூதர்கள். அது துணிச்சல். ஆனால் 2003இல் ராபர்ட் மொராலெஸும் கைல் பேக்கரும் ஒரு கேள்வி கேட்டார்கள். கேப்டனின் உடலில் ஏற்றிய மருந்தை அதற்கு முன் யாருடைய உடலில் சோதித்துப் பார்த்திருப்பார்கள்? 'ட்ரூத்: ரெட், வைட் அண்ட் பிளாக்' அதற்குப் பதில் சொல்கிறது: கறுப்புச் சிப்பாய்களின் உடலில். டஸ்கெகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பர்களின் நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசின் கதை இதற்குப் பின்னால் இருக்கிறது. நாயகனின் பளபளப்புக்குக் கீழே யாருடைய உடல் கிடக்கிறது என்று கேட்பதுதான் நம் வாசிப்பு முறை.

சுதந்திரம் யாருக்கு?

தணிக்கைக்கு எதிராகத்தான் அமெரிக்காவில் தலைமறைவுக் காமிக்ஸ் பிறந்தது. 1968இல் ராபர்ட் கிரம்ப் 'ஸாப் காமிக்ஸ்' கொண்டுவந்தார். பெரிய நிறுவனம் வேண்டாம், தணிக்கை முத்திரை வேண்டாம், உரிமை வரைந்தவருக்கே. இந்த வழிமுறை நமக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தச் சுதந்திரத்தை வைத்து கிரம்ப் என்ன வரைந்தார்? தடித்த உதடும் அரை நிர்வாணமுமாக ஒரு கறுப்புப் பெண்ணை வரைந்து, அதை நையாண்டி என்றார். 1970இல் டிரினா ராபின்ஸும் தோழிகளும் பெண்கள் மட்டுமே வரைந்த ஓர் இதழைக் கொண்டுவந்ததற்குக் காரணம், இந்தக் கலகக்கார ஆண்களின் மேசையில் பெண்களுக்கு நாற்காலி இல்லாததுதான். எல்லாவற்றையும் எதிர்ப்பதாகச் சொல்லும் குழுவிலும் அடுக்கு இருக்கும். முற்போக்கு மேடைகளில் பின் வரிசையில் உட்கார்ந்து பழகிய நமக்கு இது தெரிந்ததே.

அந்த மரபில் நமக்கு மிக நெருக்கமானவர் ஹார்வி பீகார். கிளீவ்லாந்து மருத்துவமனையில் கோப்பு அடுக்கும் குமாஸ்தா. அவருக்கு வரையத் தெரியாது. குச்சி மனிதர்களைக் கிறுக்கி, பக்கத்தில் வசனம் எழுதி, ஓவிய நண்பர்களிடம் கொடுப்பார். 1976 முதல் 'அமெரிக்கன் ஸ்ப்ளென்டர்' வந்தது. வரிசையில் நிற்பது, பேருந்துக்குக் காத்திருப்பது, சக ஊழியரோடு பேசுவது, இவ்வளவுதான் கதை. எந்த வல்லமையும் இல்லாத ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கதையாகத் தகுதியானது என்று சொன்னார். "எனக்கு வரைய வராதே" என்று தயங்கும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் பீகாரைக் காட்டுகிறோம்.

ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மவுஸ்' இந்த மண்ணில் முளைத்ததுதான். நாஜிகள் யூதர்களை எலிகள் என்று இழித்தார்கள். யூதரான ஸ்பீகல்மேன் அந்த எலி முகத்தையே எடுத்துத் தன் தந்தையின் வதைமுகாம் கதையைச் சொன்னார். இழிவென்று சொல்லப்பட்ட பறையை நாம் எடுத்து விடுதலையின் இசையாக முழக்கினோமே, அதே வேலை. ஆனால் அந்தப் புத்தகத்தில் நம்மைத் தூங்கவிடாத பக்கங்கள் வேறு. இரண்டாம் பாகத்தில் மருமகள் வழியில் ஒரு கறுப்பரைக் காரில் ஏற்றிக்கொள்கிறாள். முகாமிலிருந்து உயிர்தப்பி வந்த அந்தத் தந்தை, கறுப்பர்களைப் பற்றி நாஜி பேசுவது போலவே பேசுகிறார். ஸ்பீகல்மேன் அதை மறைக்கவில்லை. அண்ணல் இதைத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மிதிபட்டவனும் மிதிக்க இன்னொருவனைத் தேடுவான். பறையர், பள்ளர் குடியிருப்புகளில் அருந்ததியருக்கும் புதிரை வண்ணாருக்கும் என்ன மரியாதை கிடைக்கிறது என்பதை வரையும் துணிச்சல் நம்மிடம் உண்டா? அந்தக் கட்டத்தை வரையாமல் நாம் வரையும் எந்தக் கதையும் முழுமையாகாது.

பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், பிறகு ஜப்பான்

டின்டின் 1929இல் பெல்ஜியத்தில் ஒரு கத்தோலிக்க நாளிதழின் சிறுவர் இணைப்பில் பிறந்தவன். அடுத்ததாகக் காங்கோவுக்குப் போனான். ரப்பர் போதவில்லை என்று மனிதர்களின் கையை வெட்டிய ஆட்சி அங்கே நடந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஹெர்ஜே வரைந்த காங்கோ மக்களோ, டின்டினைக் கும்பிடும் குழந்தைகளாக இருக்கிறார்கள். முதல் வடிவத்தில் டின்டின் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று பாடம் நடத்துகிறான். 1946இல் வண்ணப் பதிப்பு வந்தபோது அதைக் கணக்குப் பாடமாக மாற்றினார்கள். முகங்கள் மாறவில்லை. 2007இல் காங்கோவைச் சேர்ந்த ஒருவர் பிரஸ்ஸல்ஸில் வழக்குத் தொடுத்தார்; 2012இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அதே ஹெர்ஜேதான் 'நீலத் தாமரை'யையும் வரைந்தார். 1934இல் சாங் சோங்ரென் என்ற சீன ஓவிய மாணவர் அவருக்கு நண்பரானார். சாங்கின் வழியாக அவர் சீனாவைத் தெரிந்துகொண்டார். கடைப் பலகைகளிலும் சுவர்களிலும் உள்ள சீன எழுத்துகளைச் சாங்கே எழுதினார். அவற்றுள் ஏகாதிபத்திய எதிர்ப்பு முழக்கங்களும் இருந்தன. சீனர்கள் கேலிப் பொம்மைகளாக இல்லாமல் மனிதர்களாக வந்தார்கள். காங்கோவுக்கும் சீனாவுக்கும் நடுவில் என்ன மாறியது? வரையப்படும் மக்களில் ஒருவர் அந்த அறைக்குள் வந்தார். இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள்.

பிரான்சில் ஜாக் டார்டியைத் தேடுங்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளைத் தளபதிகளின் பக்கம் போகாமல் சாதாரணச் சிப்பாயின் கண்ணால் வரைந்தவர். 1871இன் பாரிஸ் கம்யூனையும் வரைந்தார். 2013இல் பிரெஞ்சு அரசு தன் உயரிய விருதை அறிவித்தபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பாலஸ்தீனம் சென்று படம் போட்டுச் செய்தி எழுதிய ஜோ சாக்கோவையும் தேடுங்கள். அவர் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகருக்கும் வந்து, முசஹர் மக்களின் பசியைக் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். 'ஜர்னலிசம்' என்ற தொகுப்பில் அது இருக்கிறது.

ஒரு புத்தகம் மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால், நாம் கொடுப்பது ஷிராட்டோ சான்பெயின் 'காமுய்'. 1964 முதல் 1971 வரை ஜப்பானில் 'காரோ' என்ற மாற்று இதழில் வந்த பெருங்கதை. காமுய் தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவன். ஜப்பானிலும் தோல் வேலை, இறந்த விலங்கை அகற்றுவது, தண்டனையை நிறைவேற்றுவது எல்லாம் பிறப்பால் விதிக்கப்பட்டிருந்தன. 1871இல் சட்டம் அந்தப் பிரிவினையை ஒழித்தது, ஊர் ஒழிக்கவில்லை. 1922இல் அம்மக்களே சுய்ஹெய்ஷா என்ற தங்கள் இயக்கத்தைக் கட்டினார்கள். காமுய் தப்பிக்க நிஞ்சாவாகிறான். பிறகு அந்தக் கூட்டத்திலிருந்தும் தப்பி ஓட வேண்டியிருக்கிறது. தனி ஆளாகத் திறமையால் மேலே ஏறிவிடலாம் என்ற கனவு எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு கடுமையாகச் சொன்ன காமிக்ஸ் வேறில்லை. அதே கதையில் ஆள்பவர்கள் உழவர்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் ஒருவர்மீது ஒருவரை ஏவிவிடுகிறார்கள். வெண்மணியையும் மேலவளவையும் தெரிந்தவர்கள் இந்தப் புத்தகத்தை வேகமாகப் புரட்ட முடியாது. ஆங்கிலத்தில் இப்போது தொகுதிகளாக வருகிறது.

தடை கேட்கலாமா?

டின்டினையும் கிரம்ப்பையும் தடை செய்யச் சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நம் கருத்து: வேண்டாம். தடை என்ற ஆயுதம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். 'ஜட்ஜ்மென்ட் டே' கதையைத் தடுத்தார்கள். 2022இல் டென்னசி மாநிலத்தின் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம் 'மவுஸ்' புத்தகத்தைப் பாடத்திலிருந்து நீக்கியது. தடை அதிகாரம் ஆதிக்கத்தின் பையில்தான் இருக்கிறது.

ஆனால் இழிவாக வரையப்பட்டவர்கள் எதிர்த்துக் குரல் கொடுப்பதைத் தடையோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 2012இல் என்சிஇஆர்டி பாடநூலில் இருந்த 1949ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரத்தை நம் மக்கள் எதிர்த்தார்கள். நத்தைமேல் அண்ணல், பின்னால் சாட்டையோடு நேரு. "நகைச்சுவை உணர்வு இல்லாதவர்கள்" என்று நமக்குப் பட்டம் கொடுத்தார்கள். அதற்குச் சரியான பதிலை உன்னமதி சியாம சுந்தர் கொடுத்தார். 1932 முதல் 1948 வரை ஆங்கில நாளிதழ்களில் அண்ணலை வரைந்த கேலிச்சித்திரங்களைத் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றிலும் என்ன வன்மம் இருக்கிறது என்று விளக்கி 2019இல் புத்தகமாக வெளியிட்டார். அவரும் கேலிச்சித்திரம் வரைபவர். எரிக்கவில்லை, எடுத்துக் காட்டினார். இழிவான படத்தைச் சந்திக்க இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.

இனி நாம் வரைய வேண்டியது

நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2011இல் வந்த 'பீமாயணம்' இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிக் கட்டங்களையே விட்டுவிட்டார்கள். இனிய சொல் பறவை வடிவக் குமிழியில் வரும். சாதி வெறி பேசும் சொல் தேள் கொடுக்கு வைத்த குமிழியில் வரும். எழுத்துத் தெரியாத பாட்டிகூட யார் கொட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். ஜோதிராவ் புலே 1873இல் எழுதி, அடிமை முறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கிய 'குலாம்கிரி'யும் 'எ கார்டனர் இன் த வேஸ்ட்லேண்ட்' என்ற காமிக்ஸாக வந்திருக்கிறது. இவை போதுமா? போதாது.

1957இல் அமெரிக்காவில் பத்து சென்ட் விலையில் பதினாறு பக்கக் காமிக்ஸ் ஒன்று வந்தது. மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றியது. கடைசிப் பக்கங்களில் நீங்களும் உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இளைஞராக அதைப் படித்த ஜான் லூயிஸ் பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் போராட்டக் கதையை 'மார்ச்' என்று மூன்று தொகுதிகளில் காமிக்ஸாகவே சொன்னார். மூன்றாம் தொகுதி 2016இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது.

நமக்கும் பதினாறு பக்கம் போதும். ஏ4 தாளை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம். இரண்டு தாள் எடுத்தால் பதினாறு. ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்லர் அடித்தால் இதழ் தயார். என்ன வரைவது? வன்கொடுமை தடுப்புச் சட்டத்தை வரையுங்கள். புகார் கொடுக்கப் போகும் அம்மாவை வரையுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு சொல்வதை ஒரு கட்டத்தில் போடுங்கள். டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதை அடுத்த கட்டத்தில் போடுங்கள். கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு இருப்பதை எழுத்தைப் பெரிதாக்கிப் போடுங்கள். காவல் நிலைய வாசலில் "சமாதானமாப் போயிடுங்க" என்று சொல்கிறவரின் குமிழிக்குத் தேள் கொடுக்கு வையுங்கள்.

உங்கள் ஊர் இரட்டைக் குவளையை வரையுங்கள். சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டதை வரையுங்கள். பாட்டியின் கதையை ஸ்பீகல்மேன் போல ரெக்கார்டர் வைத்துக் கேட்டு வரையுங்கள். சோகத்தை மட்டும் வரைய வேண்டாம். விடுதி மாடியில் பாடுவதையும், மாட்டுக்கறிக் குழம்பு மணப்பதையும், காதலையும், சிரிப்பையும் வரையுங்கள். வரைய வராவிட்டால் பீகாரைப் போலக் குச்சி மனிதர்களைப் போட்டு நண்பரிடம் கொடுங்கள். உரிமையை மட்டும் 130 டாலருக்கு விற்றுவிடாதீர்கள்.

இதுவரை அந்தரத்தில் கை மட்டும் தெரிந்தது போதும் தோழர்களே. அந்தக் கையில் ஒரு பேனாவைக் கொடுங்கள். மணிக்கட்டிலிருந்து தொடங்கி முழங்கை, தோள், கழுத்து, முகம் என்று முழு ஆளையும் அதுவே வரைந்துகொள்ளும். நெற்றி வியர்வையையும் சேர்த்து.

ஜெய் பீம்!